நல்ல தோட்டாவும் வீட்டுத் தோட்டாவும்

1. விற்க வந்த துப்பாக்கி

"இதை வித்துக் குடுக்கறீங்களாங்ணா?"

சனிக்கிழமை காலை. கடை திறந்து காபி மெஷினைக்கூட இன்னும் போடவில்லை. சாந்தி நீளமான கறுப்புப் பையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல ஓரடி தள்ளி நின்றார். பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான். ஒன்பது மில்லிமீட்டர் கார்பைன். கைத்துப்பாக்கிக்குப் போடுகிற அதே குட்டித் தோட்டாவைப் போட்டு, தோளில் அணைத்துச் சுடுகிற நீளத் துப்பாக்கி. இதற்கென்றே தனிப் பிரிவு வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். பிசிசி என்று சுருக்கமாகச் சொல்வோம்.

"ஏனுங்க அம்மிணி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்ணா. இன்ட்ரஸ்ட் போயிருச்சுங்."

இதைச் சொல்லும்போது அவருடைய இடது கை வலது தோளைப் பிடித்திருந்தது. இன்ட்ரஸ்ட் போனவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு நம் ஆட்கள் அதிகம் வருவதில்லை என்பதால் என்னைப் பற்றி இரண்டு வரி. டெக்ஸஸில் ஆலன் என்ற ஊருக்கு வடக்கே, ஒரு டயர் கடைக்கும் ஒரு பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கடை. போட்டிக்குச் சுடுகிறவர்களின் துப்பாக்கிகளைப் பிரித்து, சரிபார்த்து, அவரவர் உடம்புக்கு ஏற்ப செட் பண்ணிக் கொடுப்பது வேலை. முதலாளி வெய்ன். நான் கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் ஆரம்பித்தவன். இங்கே எச்-ஒன் விசாவில் வந்து கார் உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினியராக இருந்தேன். அந்த வேலை போனபோது நல்லவேளையாகக் கிரீன் கார்டு கையில் இருந்தது. வெய்ன் கூப்பிட்டார், இந்தக் கடையின் வேலை பெஞ்சில் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. என் மாமியார் வீட்டில் இன்றைக்கும் "மாப்பிள்ளை ஏதோ மெஷின் ஷாப்ல இருக்காரு" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் மானம் மரியாதை இருக்கிறது அல்லவா!

சாந்தி ஈரோட்டுக்காரர். பக்கத்து ஊர் என்பதால் அண்ணா, அம்மிணி என்று ஒட்டிக்கொண்டோம். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் லீட், அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. அவருடைய ஒரே பெண் நிவேதா, கூப்பிடுவது நிவி, இங்கேயே பிறந்து காலேஜ் படிக்கிறவள். காலேஜ் கிளப்பில் சேர்ந்து துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டது முதலில் அவள்தான். விஷயம் தெரிந்து பதறிப்போய், பெண் என்னதான் செய்கிறாள் என்று பார்க்கப் போன சாந்தி, கண்ணாடியும் காது மஃபும் மாட்டிக்கொண்டு தானும் ஓர் இரும்பு இலக்குத் தட்டைச் சுட்டு விழவைத்துவிட்டு வீடு திரும்பினார். அன்று தொற்றிக்கொண்டது.

வாரம் முழுக்க அந்த வீட்டில் அம்மாவும் பெண்ணும் பேசுகிற பேச்சு "சாப்ட்டியா", "யா" என்ற அளவில் முடிந்துவிடும். ஞாயிறு மட்டும் வேறு. மேட்ச் நடக்கிற இடம் தூரம். காரில் போகும்போதும் வரும்போதும் பேச்சு, நடுவில் ஒருவர் சுடுவதை மற்றவர் நின்று பார்ப்பது. பெண் அம்மாவைக் கிண்டல் செய்வதும், அம்மா பெண்ணுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுவதும் எல்லாம் அந்த ஒரு நாளில்தான். இதை சாந்தியே என்னிடம் சொல்லியிருக்கிறார், கண்கள் மினுங்க.

குளிர்காலத்தில் வீட்டு டிரைவ்வேயில் உறைந்து கிடந்த ஐஸில் வழுக்கி விழுந்து, வலது தோளில் சர்ஜரி ஆனது. டாக்டர் மறுபடி சுடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தோளில் ஓர் இடி. இதை அவரிடமிருந்து பிடுங்க நான் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

"வித்துட்டா ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"அவ ஃப்ரெண்ட்ஸோட போய்க்குவாளுங்ணா."

"நான் உங்களைக் கேட்டேன்."

கண் கலங்கியதை மறைக்கச் சுவரில் மாட்டியிருந்த ஸ்பிரிங் பாக்கெட்டுகளைப் படிக்க ஆரம்பித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும். அப்புறம் விக்கறதப் பத்திப் பேசலாம்" என்று பையை உள்ளே தள்ளினேன்.

2. மூன்று இடிகள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கார்பைனைச் சுட்டுப் பார்த்துவிட்டு "ரொம்ப உதைக்கிறது" என்று வெய்னிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உதைக்கிறது என்று என் அத்தையும் சொல்வாள். எப்போது உதைக்கிறது என்று சொல். அதற்குத்தான் உனக்குச் சம்பளம்" என்றார். டெக்ஸஸ் இங்கிலீஷில் கேட்டால் இன்னும் காரமாக இருக்கும்.

இந்த வகை கார்பைனில், தோட்டாவின் பின்னால் நின்று குழலை மூடுகிற போல்ட் என்ற இரும்புக் கட்டையைப் பூட்டிப் பிடிக்க எந்த ஏற்பாடும் கிடையாது. தோட்டா வெடித்ததும் குண்டு முன்னால் போகும், காலியான பித்தளைக் கூடு, அதாவது கேஸ், போல்ட்டைப் பின்னால் தள்ளும். அந்த வேகத்தை மட்டுப்படுத்துவது போல்ட்டின் கனமும், அதன் முதுகில் நிற்கிற பஃபர் என்ற உருளையின் கனமும்தான். பஃபருக்குப் பின்னால், தோள்கட்டைக்குள் இருக்கும் குழாயில் ஸ்பிரிங். அது போல்ட்டைத் தடுத்து நிறுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் அதன் பங்கு கொஞ்சம்தான். போனதைத் திரும்பக் கொண்டுவந்து மூடுவதுதான் அதன் வேலை. தேக்குக் கதவையும் பிளைவுட் கதவையும் ஒரே பலத்தில் தள்ளிப் பாருங்கள். தேக்கு மெதுவாக நகரும், பிளைவுட் படாரென்று சுவரில் மோதும். இந்தத் தொழிலில் பாதி அவ்வளவுதான்.

ஆக, ஒரு தடவை சுட்டால் மூன்று இடிகள். குண்டு கிளம்பும்போது ஒன்று. போல்ட்டும் பஃபரும் பின்னால் ஓடிக் குழாயின் அடியில் முட்டும்போது இரண்டாவது. திரும்பி வந்து மூடும்போது மூன்றாவது. இந்த மூன்றாவது தோளை உதைக்காது, துப்பாக்கி முனையைக் கீழே இழுக்கும். கண் இமைக்கும் நேரத்தில் மூன்றும் முடிந்துவிடுவதால், சுடுகிறவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே உதையாகத்தான் தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கைவைப்பது ஸ்பிரிங்கில். கெட்டி ஸ்பிரிங் போட்டால் உதை குறையும் என்று யூட்யூபில் யாரோ சொல்லியிருப்பார்கள். இரண்டாவது இடி குறையும்தான். அதற்கு வட்டியாக மூன்றாவது இடி கூடும், போல்ட்டைப் பின்னால் கொண்டுவரும் சார்ஜிங் ஹேண்டிலை இழுக்கக் கையில் கிரேன் வேண்டும். சர்ஜரி ஆன தோளுக்கு அது ஆகாது. வேறு சிலர் கால் டாலர் காசுகளை அடுக்கிக் குழாயின் அடியில் போட்டு, போல்ட் ஓடுகிற தூரத்தைக் குறைப்பார்கள். சிரிக்க வேண்டாம், அதற்கென்றே விற்கிற ஸ்பேசர் செய்வதும் அதே வேலைதான்.

பையை விட்டுப்போன மறுநாளே சாந்தி போன் செய்தார்.

"அண்ணா, நிவி அப்பா ஒரு ஐடியா சொன்னாருங். போல்ட்டுல நாலு ஓட்டை போட்டா தூக்கறதுக்கு வெயிட் கொறையுமாமா?"

"கொறையுமுங்க. ஆனா அது மட்டும் வேண்டாம். கேஸ் உள்ள இருக்கறப்பவே போல்ட் ஓடிப்போயிரும். கேஸ் கிழிஞ்சா சூடு காத்து மூஞ்சிக்கு வரும். வெயிட்டை வேற எடத்துல கொறைக்கறேன். போல்ட்டுல யாரும் கைவைக்க வேண்டாம்னு அவருகிட்ட சொல்லுங்க."

"சொல்லிர்றேனுங்ணா."

"அடுத்த வாரம் வர்றப்ப நீங்க சுடற தோட்டாவையே கொண்டு வாங்க. அதை வெச்சுத்தான் செட் பண்ணோணும்."

இதை நான் தெளிவாகச் சொன்னேன். பெஞ்சுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிற விதி அது.

சாந்தி கொண்டுவந்தது நல்ல பெட்டி. நூற்று நாற்பத்தேழு கிரெய்ன் எடைக் குண்டு, போட்டிக்கென்றே வெடிமருந்தைக் குறைத்துப் போட்டது. விலையும் ஜாஸ்தி, குணமும் சாது. பரவாயில்லையே, விஷயம் தெரிந்தவர் என்று மெச்சிக்கொண்டேன். இந்தச் சாதுத் தோட்டா போல்ட்டை முழுத்தூரம் தள்ள வேண்டுமே! அதற்காகப் பஃபரை ஒரு படி லேசாக மாற்றினேன். ஸ்பிரிங்கை மிருதுவாக்கினேன். முன்கைப்பிடியைக் கழற்றி லேசானதைப் போட்டேன். பக்கத்தில் இருக்கும் இண்டோர் ரேஞ்சுக்கு சாந்தியோடு போய்ச் சுட்டுப் பார்த்தால், வெண்ணெய்.

"எப்படி இருக்குதுங்க?"

"சூப்பருங்ணா. ஒண்ணுமே தெரியலீங்."

அன்று மாலை வீட்டில் என் மனைவி "என்ன, ஒரு மார்க்கமா சிரிச்சுட்டு வர்றீங்க" என்று கேட்டாள். அந்த அளவுக்கு இருந்தது எனக்குப் பெருமை.

3. ஈரோட்டுத் துண்டு

முதல் ஞாயிறு முடிந்ததும் சாந்தியிடமிருந்து மெசேஜ்: "கன் நல்லா இருக்குங்ணா. தேங்க்ஸ்." கூடவே ஒரு கட்டைவிரல். அடுத்த ஞாயிறும் அதே கட்டைவிரல். ஒரு ஜாப் நல்லபடியாக முடிந்தது என்று நானும் மறந்துவிட்டேன்.

மேட்ச் நடக்கும் இடத்துக்கு நான் எப்போதாவது ரேஞ்ச் ஆபீசராகப் போவதுண்டு. சுடுகிறவர் பின்னால் நின்று, பாதுகாப்பு விதிகளைக் கவனிக்கிற வேலை. அப்படிப் போன ஒரு ஞாயிற்றில் நிவியைப் பார்த்தேன். நன்றாகச் சுட்டாள். அம்மா எங்கே என்று கேட்டேன். தகரக் கூரை நிழலைக் காட்டினாள். சாந்தி அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஷி ஸ்கிப்ட் டூ ஸ்டேஜஸ், அங்கிள்" என்றாள் நிவி. மேட்சின் ஒவ்வொரு சுற்றையும் ஸ்டேஜ் என்பார்கள்; இரண்டைச் சுடாமல் விட்டிருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அம்மாவுக்கு இங்கே வரவே பிடிக்கவில்லை, தனக்காகத்தான் கடனே என்று வருகிறார், கேட்டால் டயர்டாக இருக்கிறது என்கிறார், அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்று இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

அடுத்த ஸ்டேஜுக்கு சாந்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்தார். நான் பின்னால் நின்றேன். முதல் தோட்டாவிலேயே என் காது விடைத்துவிட்டது. வெடிச் சத்தத்தை ஒட்டியே "ணங்" என்று இன்னொரு சத்தம். பஃபர் போய்க் குழாயின் அடியில் மோதுகிற சத்தம். பெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவனுக்கு அது தன் வீட்டுக் கதவுச் சத்தம் போல. காலி கேஸ்கள் பக்கத்துத் தடுப்பைத் தாண்டிப் பறந்தன. நான் செட் பண்ணிக் கொடுத்தபோது அவை காலடியில் அல்லவா விழுந்தன!

சுட்டு முடித்து, துப்பாக்கியைக் காலி செய்து காட்டிவிட்டு சாந்தி திரும்பினார். சட்டைக் காலரை விட்டு ஒரு துணி முனை எட்டிப் பார்த்தது. ஓரத்தில் பட்டை போட்ட ஈரோட்டுத் துண்டு. நான்காக மடித்துத் தோளுக்குள் செருகியிருந்தார்.

நான் குனிந்து ஒரு கேஸைப் பொறுக்கினேன். அடியில் வேறு கம்பெனி முத்திரை. பித்தளை கறுத்து, ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. நான் செட் பண்ணிய தோட்டாவே இல்லை இது. மிலிட்டரி அளவுக்கு மருந்து போட்ட சரக்கு.

சாந்தியைத் தனியே கூப்பிட்டேன்.

"அம்மிணி, இது என்ன தோட்டா?"

"இதுங்களா..." என்று கேஸைக் கையில் வாங்கிப் பார்த்தார், அதை இன்றுதான் முதன்முதலில் பார்ப்பது போல. "நிவி அப்பா சேல்ல பெட்டி பெட்டியா வாங்கிப் போட்டதுங். கராஜ்ல கெடக்குது. இருக்கறது தீரோணுமில்லீங்?"

"அப்ப எங்கிட்ட கொண்டு வந்தது?"

"அது தனியா வாங்குனதுங்ணா. நீங்க இவ்வளவு பிரயாசைப்பட்டு செஞ்சு தர்றீங்க, உங்ககிட்ட வர்றப்ப நல்லதா கொண்டு வரோணும்னு..."

எனக்கு ஒரு நிமிஷம் கோபம் தலைக்கு ஏறியது. மறு நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது. யாரைச் சொல்வது? பிளட் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பே இனிப்பை நிறுத்தி, ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் டாக்டர் ஆபீஸிலிருந்து நேரே ஸ்வீட் கடைக்கு வண்டியைத் திருப்புகிற கூட்டம்தானே நாம்? வீட்டு வேலைக்கு ஆள் வருவதற்கு முன்னால் வீட்டைக் கூட்டி வைக்கிறவர்கள். விருந்தாளிக்கு ஒரு டம்ளர், நமக்கு ஒரு டம்ளர். கடைக்காரன் கேட்டானே என்று சாந்தி எடுத்து வந்தது விருந்தாளித் தோட்டா. அதற்குத் தோதாக நான் லேசாக்கி வைத்த துப்பாக்கியில் வாரா வாரம் ஓடியது வீட்டுத் தோட்டா. தேக்குக் கதவை எடுத்துவிட்டுப் பிளைவுட் கதவைப் போட்டு, அதைக் கடப்பாறையால் தள்ளியது போல ஆகிவிட்டது. வலியைக் குறைக்கிறேன் என்று அந்தத் தோளில் நான் இடியைக் கூட்டித்தான் அனுப்பியிருக்கிறேன்.

"இவ்வளவு வலிச்சிருக்குது, ஒரு வார்த்தை சொல்றதில்லீங்களா?"

"நீங்க செஞ்சு குடுத்ததைப் போய் எப்படிங்ணா நொட்டை சொல்றது?"

விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று எங்கள் பக்கத்தில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இரண்டாவது கரண்டி வாங்கிக்கொள்வோம். கேஸ் உப்பியதைக் காட்டி, இது தோளோடு போகிற விஷயம் இல்லை, இன்னும் மோசமானால் முகத்துக்கே ஆபத்து என்று சொன்னேன். அன்றைக்கு அவரை மேற்கொண்டு சுடவிடவில்லை. நிவி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அம்மா போட்டியைப் பாதியில் விட்டுவிட்டார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை சாந்தியும் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

4. ரேஞ்சில் ஒரு சனிக்கிழமை

அடுத்த சனிக்கிழமை கராஜ் தோட்டாவோடு ரேஞ்சுக்கு வரச் சொன்னேன். நிவிதான் காரை ஓட்டி வந்தாள். எட்டப் போய்ச் சுவரோரம் சாய்ந்து நின்றாள். கடமைக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

கனமான பஃபரைப் போட்டேன். ஸ்பிரிங்கை நடுத்தரத்துக்குக் கொண்டுவந்தேன். சாந்தி ஐந்தாறு தோட்டா சுட்டுவிட்டுத் துப்பாக்கியை மேடையில் வைத்தார்.

"இப்ப எப்படி?"

"பரவால்லீங்ணா. நல்லா இருக்குதுங்."

"ஆபீஸ்ல ஒரு பட்டன் நூலளவு கோணலா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"டிஃபெக்ட் ஓப்பன் பண்ணுவேனுங்."

"எழுதுனவன் பாவம், நம்ம ஊர்ப் பையன், ராப்பகலா கஷ்டப்பட்டுச் செஞ்சான்னு விட்டுருவீங்களா?"

சிரித்துவிட்டார். "விட்டா என்ற வேலை போயிருமுங்ணா."

"அப்ப இதுக்கும் ஓப்பன் பண்ணுங்க. ஒரு தடவை சுட்டா மூணு இடி: குண்டு கெளம்பறப்ப, போல்ட் பின்னால முட்டறப்ப, திரும்பி மூடறப்ப. மொதல்லயா, நடுவுலயா, கடைசிலயா?"

சாந்தி மறுபடி துப்பாக்கியை எடுத்தார். ஒரே ஒரு தோட்டா. பிறகு துப்பாக்கியைக் காலி செய்து வைத்தார். நிவி நிற்கிற பக்கம் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நடுவுலங்ணா. வலிக்குதுங். சர்ஜரி பண்ணுன எடத்துலயே இடிக்குது. மொத நாள்ல இருந்தே வலிக்குதுங்."

ரேஞ்சில் வேறு யாரும் சுடாத நேரம் அது. நிவி காது மஃபைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வந்தாள்.

"வாட் டூ யூ மீன், மொத நாள்ல இருந்தே?"

சாந்தி காலரை இழுத்து விட்டுக்கொள்ளப் போனார். நிவி அந்தக் கையைப் பிடித்து விலக்கி, காலரைத் தானே ஒதுக்கிப் பார்த்தாள். தோளில் மஞ்சளும் நீலமுமாகப் பழைய காயமும் புதுக் காயமும் கலந்து கிடந்தன.

"யூ செட் யூ வேர் டயர்ட்!" அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "அம்மா, ஐ தாட் யூ வேர் டயர்ட் ஆஃப் மீ."

"உன்ற கூட வரோணும்னுதான் கண்ணு சொல்லாம இருந்தேன். வலிக்குதுன்னு சொன்னா நீ வர வேண்டாம்னு சொல்லிருவியே. ஞாயித்துக்கிழமையும் போயிருச்சுன்னா எனக்கு என்ன இருக்குது?"

நான் பெட்டியைத் திறந்து வேண்டாத ஒரு ஸ்பிரிங்கை வெகு மும்முரமாகத் தேட ஆரம்பித்தேன். சட்டென்று கிடைத்துவிடாத ஸ்பிரிங்காகப் பார்த்துத் தேடினேன். திரும்பிப் பார்த்தபோது நிவி அம்மாவின் நல்ல தோளில் முகத்தை வைத்திருந்தாள். அவ்வளவு உயரமான பெண் குனிந்துதான் அப்படி வைக்க முடியும்.

அதற்குப் பிறகு வேலை ஓட்டமாக ஓடியது. வலி எந்த இடி என்று தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் பஞ்சாயத்தே இல்லை. நடுவில் இடிக்கிறதா? குழாயின் அடியில் ஒரு ஸ்பேசர் போட்டு ஓடும் தூரத்தைக் குறைத்தேன். போல்ட், மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுக்கப் போதுமான அளவு பின்னால் போகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பஃபரை இன்னும் ஒரு படி கனமாக்கினேன்.

"இப்ப?"

"நடுவுல பாதி கொறைஞ்சிருக்குதுங். ஆனா இப்ப முன்னாடி இழுக்குது. ரெண்டாவது தோட்டாவுக்கு, குறி பாக்கற செவப்பு டாட் கீழ போயிருது."

அது மூன்றாவது இடி. ஸ்பிரிங்கை ஒரு படி மிருதுவாக்கினேன். போல்ட் முழுக்க மூடுகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்தேன். பிறகு சாந்தி சார்ஜிங் ஹேண்டிலை இழுத்தார்.

"ஈஸியா இருக்குதுங்ணா."

"நோ, இட்ஸ் நாட்" என்றாள் நிவி. "அங்கிள், லுக் அட் ஹெர் எல்போ."

உண்மைதான். முழங்கை ஒரு பக்கமாக விலகிப் போனது. வலிக்காத பக்கம் பார்த்து இழுக்கிறார். "ஆமாங்ணா, கொஞ்சம் வலிக்குது" என்று சாந்தியும் ஒப்புக்கொண்டார். ஹேண்டிலை இடது கைக்கு மாற்றி, பிடி நீளமானதைப் போட்டேன். அம்மா சொல்வதில் பாதி, பெண் பார்த்துச் சொல்வதில் பாதி என்று கணக்குப் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்குள் கேஸ்கள் ஒழுங்காகக் கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தன. உப்பல் இல்லை. "ணங்" இல்லை.

கடைசியாக அந்த நல்ல பெட்டியிலிருந்து நாலு தோட்டா போட்டுப் பார்த்தோம். இரண்டாவதிலேயே சிக்கிக்கொண்டது. இந்தக் கனத்தைப் பின்னால் தள்ள அந்தச் சாதுவுக்குத் தெம்பு இல்லை. எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கிற துப்பாக்கி கிடையாது. ஒன்றுக்குச் செட் பண்ணினால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும்.

"அப்ப நல்லதை என்னங்ணா பண்றது?"

"நிவி அவ துப்பாக்கில போட்டுச் சுடட்டும். உங்களுக்கு வீட்டு சாப்பாடுதான்."

5. பெஞ்சுக்கு வருகிறவர்களுக்கு

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. தராசும் ஸ்பிரிங் சார்ட்டும் எல்லாக் கடையிலும் இருக்கும். போல்ட் கனம் முதலில், பஃபர் அடுத்து, ஸ்பிரிங் கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தயாரிப்பாளர் வைத்த போல்ட் கனத்தைக் குறைக்க யார் கேட்டாலும், கெஞ்சினாலும், மறுத்துவிடுங்கள். இவையெல்லாம் மூன்று மாதத்தில் வந்துவிடும்.

வராதது கேட்கத் தெரிவது. "நல்ல தோட்டா வேண்டாம், கராஜில் கிடப்பதைக் கொண்டு வாருங்கள்" என்று நான் இப்போது வாய்விட்டுச் சொல்கிறேன். நம் ஊர்க்காரர்கள் என்றால் இரண்டு தடவை சொல்கிறேன். "எப்படி இருக்கிறது" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு நம்மவர்களிடம் ஒரே பதில்தான் உண்டு, அதை வைத்து ஒரு ஸ்குருவைக்கூடத் திருப்ப முடியாது. "எங்கே இடிக்கிறது" என்று கேட்கிறேன். எங்கேயும் இல்லை என்றால், துப்பாக்கியை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறேன். வெய்னிடம் இதைச் சொன்னபோது, "என் ஆட்கள் காசு கொடுக்கிறதுக்கு முன்னாலேயே திட்டிவிடுவார்கள். உன் ஆட்கள் நன்றி சொல்லிக்கொண்டே வலியோடு வீட்டுக்குப் போவார்களா?" என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு சாயங்காலம் சாந்தியிடமிருந்து போன் வந்தது. மெசேஜ் இல்லை, போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, எல்லா ஸ்டேஜும் சுட்டுட்டேனுங். ஆனா பக்கவாட்டுல சாஞ்சு சுடறப்ப கொஞ்சம் இடிக்குதுங்ணா."

"சரிங்க. அப்புறம்?"

"புது ஹேண்டில் கை வேர்த்தா வழுக்குதுங். அப்பறம்..."

"அம்மா, டெல் ஹிம் அபௌட் த ஸ்டாக்!"

"சொல்றேன் இருடி. அண்ணா, அந்தத் தோள்கட்டை எனக்கு ஒரு விரக்கடை நீளமா இருக்குதுங். இவ சொல்றா, அதனாலதான் நான் கழுத்தை நீட்டறேனாமா, ஆமை மாதிரி."

"ஷி டஸ், அங்கிள்! ஐ ஹேவ் வீடியோ!"

"வீடியோவெல்லாம் அனுப்பாத. அண்ணா, அவ அனுப்புனா பாக்காதீங்."

சொல்லுங்க, சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் செய்த வேலையில் அம்மாவும் பெண்ணும் போட்டி போட்டுக்கொண்டு குறை சொன்னார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நடுவில் வண்டி நின்றது, கராஜ் கதவு கடகடவென்று மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. வீடு வந்துவிட்டது. இன்ஜினை அணைத்தார்கள். என்னை மறந்துவிட்டு, மூன்றாவது ஸ்டேஜில் யார் முதலில் தப்பு செய்தது என்று இருவரும் வாதாட ஆரம்பித்தார்கள். கார்க் கதவு திறக்கிற சத்தம் வரும், வணக்கம் சொல்லி வைத்துவிடலாம் என்று காத்திருந்தேன். வரவேயில்லை, வீடு வந்தும் பேச்சு நிற்கவில்லை. நானே சத்தமில்லாமல் போனை வைத்தேன்.